வேலூர் 2019: ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேர்தல் இல்லை

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. பெங்களூரிலிருந்து முந்தைய நாள் ராத்திரி ரயில் பிடித்து வந்து, காலை எட்டு மணிக்குள் காட்பாடியில் ஓட்டுப் போட்டுவிட்டேன். விரல் மை காய்வதற்குள் ஆம்பூரில் இருக்கும் சித்திக்கு போன் அடித்தேன். சித்தி அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

"ஓட்டுப் போட்டாச்சா சித்தி?"

"போட்டாச்சுப்பா. எம்எல்ஏவுக்கு மட்டும்தான். எம்பி எலக்‌ஷன் இல்லைன்னுட்டாங்களே."

அடுத்து வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு அடித்தேன். அவர் குரலில் கோபம். "எங்களுக்கு ஒண்ணுமே இல்லைடா. பூத் சிலிப் கையில கீது, பூத்தைக் காணோம்."

ஒரே குடும்பம், மூன்று ஊர். காட்பாடியில் எம்பி ஓட்டு. ஆம்பூரில் எம்எல்ஏ ஓட்டு. நடுவில் வேலூரில் எதுவும் இல்லை. இது எப்படி நடந்தது, சட்டத்தில் எந்த வரி இதற்கு இடம் கொடுத்தது என்று அன்றிலிருந்து குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஆறு போட்ட கோடு இல்லை, ஆணையம் போட்ட கோடு

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் வரைபடம். பாலாற்றுக்கு வடகரையில் காட்பாடி, தென்கரையில் வேலூர். நடுவில் ஒரு பாலம். ஒரே மாநகராட்சி. ரயில் நிலையமும் விஐடியும் இந்தப் பக்கம். கோட்டையும் சிஎம்சியும் அந்தப் பக்கம். நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை பாலம் தாண்டுகிறவர்கள்.

ஆனால் மக்களவைக்கு நாங்கள் வேறு ஊர். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் காட்பாடி சட்டமன்றத் தொகுதி வேலூர் மக்களவைத் தொகுதிக்குள்தான் இருந்தது. அதன்பிறகு அரக்கோணத்துக்குப் போய்விட்டது. திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகியவற்றோடு காட்பாடி. வேலூர் மக்களவைத் தொகுதியில் இருப்பவை வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். அதாவது தோல் பதனிடும் ஊர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்.

இப்போது 2019. மார்ச் 30ஆம் தேதி காட்பாடியில் திமுக பொருளாளர் துரைமுருகன் வீட்டில் வருமான வரித்துறை சோதனை. அவருடைய மகன் கதிர் ஆனந்த் வேலூர் மக்களவைத் தொகுதியின் திமுக வேட்பாளர். ஏப்ரல் 1ஆம் தேதி வேறொரு இடத்தில், ஒரு சிமெண்ட் கிடங்கில் சோதனை. 11.48 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டதாகவும், கட்டுகளில் வார்டு விவரங்கள் எழுதப்பட்டிருந்ததாகவும் தகவல் வந்தது. இது அரசியல் பழிவாங்கல் என்றது திமுக. குற்றம் யார் மீது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அப்போது ஒரு மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 70 லட்சம். பிடிபட்டதாகச் சொன்ன தொகை அதைப்போல பதினாறு மடங்கு.

தேர்தல் ஆணையம் ரத்துக்குப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 16, பிரசாரம் ஓயும் நாள் மாலை, குடியரசுத் தலைவர் வேலூர் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்த செய்தி வந்தது. பண விநியோகப் புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. எதிர்த்து நின்ற ஏ.சி.சண்முகம் (புதிய நீதிக் கட்சித் தலைவர், அதிமுக கூட்டணியில் இரட்டை இலைச் சின்னம்) உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 'தப்பு செய்தது யாரோ, எனக்கு ஏன் தண்டனை' என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். மறுநாளே மனு தள்ளுபடி.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சோதனை நடந்தது காட்பாடியில். தேர்தல் ரத்தானது காட்பாடியில் இல்லை!

யார் கையெழுத்து போட்டார்களோ அவர்கள்தான் அழிக்க முடியும்

சரி, வேலூருக்கு ரத்து என்றால் அதற்குள் இருக்கும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் எம்எல்ஏ ஓட்டு எப்படி நடந்தது? அதே தெரு, அதே வாக்காளர், அதே கட்சிகள் தானே?

பதில் மிகச் சாதாரணமானது. கோப்பு வேறு.

மக்களவைப் பொதுத்தேர்தலுக்கு அறிவிக்கை வெளியிடுவது குடியரசுத் தலைவர். சட்டமன்றப் பொதுத்தேர்தலுக்கு ஆளுநர். இடைத்தேர்தலுக்குத் தேர்தல் ஆணையமே வெளியிடும். எல்லாம் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'பணம் பிடிபட்டால் தேர்தலை ரத்து செய்யலாம்' என்று தனிப் பிரிவு கிடையாது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் என்ன செய்வது என்பதற்கு உண்டு, பணத்துக்கு இல்லை. அதனால் அரசியல் சட்டத்தின் 324ஆவது பிரிவையும், 1897ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 21ஆவது பிரிவையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். அந்த 21ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஓர் உத்தரவை வெளியிடும் அதிகாரம் யாருக்கு உண்டோ, அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அவருக்கே உண்டு. எங்கள் தொழிலில் ரோல்பேக் என்போமே, அதேதான். வேலூர் எம்பி யாரென்று முடிவு செய்ய உதவியது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் ஒரு வரி.

தமிழ்நாடு இந்த மூன்று வகை ரத்தையும் பார்த்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்: சட்டமன்றப் பொதுத்தேர்தல், அதனால் ஆளுநர் ரத்து செய்தார், நவம்பரில்தான் ஓட்டு. 2017இல் ஆர்.கே.நகர்: இடைத்தேர்தல், ஆணையமே ஏப்ரலில் ரத்து செய்து டிசம்பரில் நடத்தியது. 2019இல் வேலூர்: குடியரசுத் தலைவர். மூன்று விதமான அதிகாரத்துக்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் கிடைப்பது பெருமைப்படுகிற விஷயமா என்று தெரியவில்லை.

ஆம்பூர், குடியாத்தம் இடைத்தேர்தல் அறிவிக்கை ஆணையத்தின் கையில் இருந்தது. ஆர்.கே.நகரில் செய்ததுபோல அதையும் ரத்து செய்திருக்க முடியும். செய்யவில்லை. எம்பி ஓட்டுக்கு நிலைமை கெட்டுவிட்டது, எம்எல்ஏ ஓட்டுக்குக் கெடவில்லை என்று ஆயிற்று. என் சித்தி கேட்டது சரியான கேள்வி: "அதுக்கு வேற ஜனமா ஓட்டுப் போடுது?"

இரண்டு ஓட்டும் ஒன்றாக இருந்த காலம்

எங்கள் தாத்தா காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1952, 57, 62, 67, 71 ஐந்து தேர்தல்களிலும் டெல்லிக்கும் சென்னைக்கும் சேர்த்தே ஓட்டு. பிறகு 1984, 1991, 1996இல் மட்டும் அப்படி அமைந்தது. அதோடு முடிந்தது.

1952இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கு இரண்டு எம்பிக்கள். இரட்டை உறுப்பினர் தொகுதி அது. ஒருவர் காமன்வீல் கட்சியின் ராமச்சந்தர், இன்னொருவர் காங்கிரசின் முத்துகிருஷ்ணன். காமன்வீல் கட்சி வட ஆற்காட்டில் மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் இருந்த வன்னியர் கட்சி. ஒரு வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். வாக்குச்சீட்டில் முத்திரை குத்த வேண்டாம், பிடித்தவர் பெட்டியில் போட வேண்டியதுதான்.

இரண்டு ஆண்டு கழித்து இந்தப் பகுதி இன்னொரு விசித்திரத்தைப் பார்த்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானபோது அவர் எம்எல்ஏ இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எம்பி! ஆறு மாதத்துக்குள் மாநில அவைக்கு வந்தாக வேண்டும். அவருக்கு முன் இருந்த ராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவை நியமனம் வழியாக வந்தவர். அந்த வழி காமராஜருக்கும் திறந்திருந்தது. அவர் போகவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, கம்யூனிஸ்ட் வேட்பாளர் கோதண்டராமனைத் தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். டெல்லிக்குப் போன ஒருவர் மாநிலத்துக்குத் திரும்பிவர, மக்களிடம் நேரில் கேட்ட இடம் குடியாத்தம்.

அதே குடியாத்தம்தான் 2019இல் பாதி ஓட்டு போட்டது.

ஆள் இல்லாத நாட்கள்

எனக்கு உறுத்துவது ரத்து அல்ல, அதற்குப் பிறகு வந்த நாட்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2017 செப்டம்பர் 18: சபாநாயகர் 18 எம்எல்ஏக்களைத் தகுதி நீக்கம் செய்தார். ஆம்பூரும் குடியாத்தமும் அதில் உண்டு. அன்றிலிருந்து 2019 மே 23 வரை இருபது மாதம் இந்த இரண்டு ஊருக்கும் எம்எல்ஏ இல்லை. மே 23 அன்று இரண்டிலும் திமுக ஜெயித்தது, எம்எல்ஏ வந்தார்கள். அப்பாடா என்று பார்த்தால், நாடு முழுக்க எம்பிக்கள் தேர்வான அதே நாளில் வேலூருக்கு எம்பி இல்லை. ஒன்று வந்தால் ஒன்று போகிறது.

17ஆவது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் ஜூன் 17 முதல் ஆகஸ்ட் 6 வரை நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் நிறைவேறின. ஜூலை 25இல் முத்தலாக் மசோதா. ஆகஸ்ட் 6இல் ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று முஸ்லிம்கள் கணிசமாக வாழும் தொகுதி இது. அப்துல் சமது, காதர் மொகிதீன், அப்துல் ரகுமான் என்று முஸ்லிம் லீக் தலைவர்களைப் பலமுறை அனுப்பிய தொகுதி. அந்த இரண்டு மசோதாக்கள் ஓட்டுக்கு வந்தபோது அதன் நாற்காலி காலி. ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு ஓட்டு. அது முடிவை மாற்றியிருக்காது, சரிதான். ஆனால் பதிவேட்டில் வேலூர் என்ற பெயரே இல்லை.

வேலூரில் மறுதேர்தல் ஆகஸ்ட் 5. காஷ்மீர் அறிவிப்பு மாநிலங்களவையில் வந்த அதே நாள். பெரியப்பா வரிசையில் நின்றிருந்தபோது யாரோ போனில் பார்த்துச் சொன்னாராம். வரிசையே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது என்றார்.

எட்டாயிரத்துச் சொச்சம்

மறுதேர்தலில் அதே இரண்டு பேர். யாருக்கும் தடையில்லை, புதிதாக மனு, புதிதாகப் பிரசாரம். முடிவு ஆகஸ்ட் 9. கதிர் ஆனந்த் 4,85,340. ஏ.சி.சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், ஏப்ரலில், அரக்கோணத்தில் திமுகவின் ஜெகத்ரட்சகன் ஜெயித்தது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில். ஆற்றைத் தாண்டினால் மூன்றரை மாதத்தில் அது எட்டாயிரமாகிவிட்டது.

ஏன்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஏப்ரலில் எல்லாரும் பிரதமர் யார் என்பதற்கு ஓட்டுப் போட்டார்கள். ஆகஸ்டில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. மிஞ்சியது வேட்பாளர் யார், உள்ளூரில் யாருக்கு என்ன பலம் என்பதுதான். சண்முகம் 1984இல் இங்கே எம்பியாக இருந்தவர், 2014இல் பாஜக அணியில் நின்று சுமார் 59 ஆயிரம் ஓட்டில் தோற்றவர். இன்னொரு பக்கம், அதிமுகவின் ஒரே மக்களவை எம்பியான தேனி ரவீந்திரநாத் குமார் முத்தலாக் மசோதாவை ஆதரித்துப் பேசியது இங்கே பிரசாரத்தில் பெரிய விஷயமானது. நாட்டில் வேறு எந்தத் தொகுதிக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு வேலூருக்குக் கிடைத்தது: புதிய ஆட்சி என்ன செய்கிறது என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுவது.

2024இல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். நாட்டோடு சேர்ந்து நடந்த தேர்தல். வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த முறை அதிமுக தனி அணியில் நின்றது, சண்முகம் தாமரைச் சின்னத்தில் நின்றார் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும், எப்போது கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும் என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒரே நாடு ஒரே தேர்தல் என்று மசோதா வந்து, எல்லா ஓட்டையும் ஒரே நாளில் போடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். செலவு, நேரம் என்று இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. என் கேள்வி சின்னது. ரத்து செய்ய ஒரு நாள் போதும் என்றால், திரும்ப நடத்த எத்தனை நாள் என்று ஒரு வரம்பு வேண்டாமா? அரவக்குறிச்சிக்கு ஆறு மாதம், ஆர்.கே.நகருக்கு எட்டு மாதம், வேலூருக்கு மூன்றரை மாதம். பணம் கொடுத்தவர், வாங்கியவர், இரண்டும் செய்யாதவர் எல்லாருக்கும் ஒரே தண்டனை. அந்தத் தண்டனைக்குக் கால அளவும் இல்லை.

ஆகஸ்ட் 5 ராத்திரி சித்தி போன் செய்தார். "இன்னிக்கு மீதி ஓட்டையும் போட்டுட்டேன்பா." கம்பெனியில் ஒரே வருஷத்தில் இரண்டு எலக்‌ஷன் லீவு என்று கிண்டல் செய்தார்களாம்.

மீதி ஓட்டு. இதைவிடச் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.