உறங்கிய சட்டமும் ஊர்க் கிடாவும்

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டியதும் வருவது சிறுவாச்சூர். இங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக் கிழமைகளிலும் சில விழா நாள்களிலும் மட்டுமே நடை திறக்கும். அன்று கூடுவோரில் பலர் வெளியூரார். பிழைப்பின் பொருட்டு எங்கெங்கோ குடியேறி, குலதெய்வத்துக்காக மட்டும் திரும்பி வருபவர்கள். அரிசியை ஊறவைத்து இடித்து மாவிளக்கு ஏற்றும் குடும்பங்களைக் கோயிலில் காணலாம். மலைப்பக்கம் பெரியசாமியும் செல்லியம்மனும் உறைகிறார்கள். மாவிளக்கு ஏற்றும் குடும்பமும் கிடா நேர்ந்துவிடும் குடும்பமும் ஒரே குலதெய்வத்தை வணங்குவது தமிழ்நாட்டில் புதுமையன்று.

இத்தகைய தெய்வங்களின் வழிபாட்டைத் திருத்தவே 1950இல் சென்னைச் சட்டமன்றம் விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டின் 32ஆம் சட்டம் அது. முதலமைச்சராக இருந்தவர் பி. எஸ். குமாரசுவாமி ராஜா. கோயிலிலோ அதன் வளாகத்திலோ, தெய்வத்தை மகிழ்விக்கும் நோக்கத்துடன் ஓர் உயிரைக் கொல்வது குற்றம் என்றது அச்சட்டம். 'நோக்கம்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். கிடாவின் வலி அங்கே அளவுகோல் அன்று. அதே கிடாவைக் கோயில் எல்லைக்கு வெளியே, சாமியை நினையாமல், கறிக்கென்று அறுத்தால் அச்சட்டத்துக்கு அதில் வேலையில்லை. ஆகவே இதை விலங்கு நலச் சட்டம் என்பதினும் வழிபாட்டுச் சீர்திருத்தச் சட்டம் என்பதே பொருந்தும் என்று நாம் கருதுகிறோம்.

சீர்திருத்த வேட்கைக்கு இம்மண்ணில் நீண்ட மரபு உண்டு. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் குறள் தனித்தனி அதிகாரம் வகுத்தது. சிறுதெய்வக் கோயில்களின் உயிர்ப்பலி கண்டு உள்ளம் நடுங்கியதை வள்ளலார் (1823-1874) தம் பாடல்களில் பதிவு செய்தார். ஆனால் வள்ளலார் காவலரை அனுப்பவில்லை. நெஞ்சை நோக்கிப் பேசினார். 1950ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சை விட்டுத் தண்டனையைக் கையில் எடுத்தது. எடுத்த கையோடு உறங்கியும் போயிற்று. அரை நூற்றாண்டு காலம் கிடாக்கள் வெட்டப்பட்டன, பொங்கல் பொங்கியது, பந்தி நடந்தது. சட்டப் புத்தகத்தில் அப்படியொரு பக்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

2003 ஆகஸ்ட் இறுதியில் அப்பக்கம் திடீரென்று திறக்கப்பட்டது. சட்டத்தைக் கண்டிப்புடன் நிறைவேற்றுமாறு முதலமைச்சர் ஜெயலலிதா மாவட்ட நிர்வாகங்களுக்கும் காவல்துறைக்கும் ஆணையிட்டார். அதையடுத்து எழுந்த விவாதம் அந்நாளைய சிற்றிதழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மேல்தட்டு வழிபாட்டு முறையைக் கிராம தெய்வங்களின் மீது சுமத்தும் முயற்சி இது என்றனர் எதிர்த்தோர். பலி என்பது கொலையோடு முடிவதில்லை. பங்காளிகளுக்குள் கறி பகிரப்படும் முறைமையில்தான் ஒரு குலத்தின் உறவும் உரிமையும் உறுதி பெறுகின்றன என்றனர். நாட்டார் தெய்வங்களைப் பற்றித் தொ. பரமசிவன் எழுதியவற்றைப் படித்திருந்த நமக்கு இவ்வாதத்தின் வலு புரிந்தது. ஆயினும், விலங்கின் பக்கம் நின்று பேசிய குரல் அப்பெருங்கூச்சலில் ஏறத்தாழக் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தரப்பு ஆகமம் பேசியது, மறுதரப்பு அடையாளம் பேசியது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அது மக்களவைத் தேர்தல் ஆண்டும்கூட.

இவ்வரலாற்றுக்கு இணையாக ஓடிய இன்னொரு வரலாறும் தமிழ்நாட்டுத் தொடர்புடையதே. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு அளித்த உறுதியின்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு வியப்பூட்டுவது: எந்தச் சமூகத்தின் மதமும் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது இச்சட்டப்படி குற்றமாகாது. மைய அரசின் சட்டம் விலக்களித்ததை மாநிலச் சட்டம் தடுத்தது. இரண்டும் 44 ஆண்டுகள் ஒரே மண்ணில் ஒன்றையொன்று பாராமல் வாழ்ந்தன. மைய அரசின் சட்டமும் பல்லில்லாததே: 1982ஆம் ஆண்டுத் திருத்தம் முதல்முறை வதைக்கு வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை.

ஜல்லிக்கட்டு வழக்கை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரிப் போராட்டத்தையடுத்து மாநிலம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2023 மே 18 அன்று ஐவர் அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. 2014 வழக்கைத் தொடுத்தது நல வாரியம். அவ்வாரியம் அப்போது சென்னையில்தான் இருந்தது (2018இல் ஹரியானாவுக்குப் பெயர்ந்தது). 2017இல் மெரினாவில் கூடியவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். இன்று விலங்குச் சட்டம் பயில வரும் மாணவி தன் கட்சிக்காரராகக் காளையை எண்ணுவாள். அவளுடைய அண்ணனோ அக்காவோ அன்று அந்தக் கடற்கரையில் எதிர்த்தரப்பில் அமர்ந்திருந்திருக்கக் கூடும்.

அத்தகைய மாணவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் களப்பயிற்சி கட்டாயம். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வழக்கறிஞரிடம் மட்டுமன்றித் தொண்டு நிறுவனங்களிலும் இதைச் செய்யலாம் என்பதால் விலங்கு நல அமைப்புகளின் பக்கம் சிலர் வருகிறார்கள். மாணவர்கள் இதை 'இன்டர்ன்ஷிப்' என்பார்கள். தீர்ப்புகளைச் சுருக்குவது, தகவல் உரிமை மனு எழுதுவது, அமைச்சகத்துக்குக் கருத்துரை வரைவது எனப் பெரும்பகுதி மேசை வேலை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மனு எழுதத் தெரியாத கருணை அலுவலக வாசலோடு நின்றுவிடும். ஆனால் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களும் மேசையில் அமர்ந்தே எழுதினார்கள்.

திருச்சியில் 1979 முதல் அரசு சட்டக் கல்லூரி உண்டு. அதையடுத்த நவலூர்குட்டப்பட்டில் 2013 முதல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இரண்டிலிருந்தும் சிறுவாச்சூர் பேருந்தில் எட்டும் தொலைவுதான். அங்கு வரும் மாணவர் கோயிலைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பார்க்க வேண்டும் என்போம். 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி சாதாரணச் சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. நாலரை, ஐந்து டன் வண்டியில் ஆடுகள் நாற்பதுக்கு மேல் கூடாது. நெடுஞ்சாலையில் போகும் கால்நடை லாரி எதையேனும் எட்டிப் பார்த்தவர் இக்கணக்கை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். நேர்ந்துவிட்ட கிடா ஒரு வீட்டில் பெயர் சொல்லி வளர்க்கப்பட்டது. ஊர் முன்னிலையில் ஒரு வெட்டில் முடிந்தது. லாரியில் நிற்கும் ஆட்டுக்கு இரவு முழுவதும் நீரில்லை, நிற்க இடமில்லை, அதற்கு அடையாளமும் இல்லை. முதலாவதைத் தடுக்க ஒரு மாநிலம் தன் காவல்துறையை அனுப்பியது. இரண்டாவதற்கு விதி இருந்தும் கேட்பாரில்லை.

கேட்க வேண்டிய அமைப்புக்கும் விதியுண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்கின்றன 2001ஆம் ஆண்டு விதிகள். ஒரு மாவட்டத்தில் அச்சங்கம் எத்தனை முறை கூடியது, எத்தனை வண்டிகளை நிறுத்தியது என்று கேட்டு ஒரு மனு எழுத அரை நாள் போதும். சட்டப்படி பதில் வர முப்பது நாள். அதற்குள் மாணவரின் நான்கு வாரம் முடிந்துவிடும். ஆகவே வந்த முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. எஞ்சிய நாள்களில் வாரச் சந்தை நான்கு முறை கூடும். ஆடு ஏற்றுபவரிடம் வாடகை எவ்வளவு, நாற்பதோடு நிறுத்தினால் எவ்வளவு நட்டம், அந்த நட்டத்தை யார் ஏற்பார் என்று கேட்டு எழுதி வைக்கலாம்.