இரவில் ஓடும் தண்ணீர்

ஊர் அடங்கிவிட்ட நடுச்சாமம். பெரட்டுக்கு எழ இன்னும் நேரம் இருக்கிறது. எல்லா வீட்டுக் குழாய்களும் மூடிக் கிடக்கின்றன. அப்போதும் தெருவின் பெரிய குழாயில் தண்ணீர் ஓடினால், அது எங்கே போகிறது? பெரும்பாலும் மண்ணுக்குள்தான்.

இந்த எளிய உண்மையைக் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன். 1860-களில் அந்நகரில் தட்டுப்பாடு வந்து, தண்ணீரை நேரம் வைத்து விட்டார்கள். 1873-இல் டீக்கன் ஒரு மானியை அமைத்தார். கடிகாரம் காகித உருளையைச் சுழற்றும். ஓடும் தண்ணீரின் அளவை எழுதுகோல் அதில் கோடாக வரையும். இரவில் தெருத்தெருவாக வால்வை மூடுவார்கள். எந்த வால்வை மூடியதும் கோடு இறங்குகிறதோ, அந்தத் தெருவில் ஒழுகல். பிறகு இரும்புக் கோலைக் குழாயில் ஊன்றி, காது வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். விர்ன்வி அணையின் தண்ணீர் வந்து சேருமுன்பே, அந்நகருக்கு இரவு பகலாகத் தண்ணீர் கிடைத்தது.

இன்றைய முறையும் அதன் பிள்ளைதான். ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் மானி வைக்கிறார்கள். அது ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. கணினி காவல் இருக்கிறது. இரவில் தானியங்கி வால்வு அழுத்தத்தைத் தணிக்கிறது. அழுத்தம் தணிந்தால் ஒழுகலும் குறையும். குழாயும் எளிதில் வெடிக்காது.

நம் நாட்டில் 1998-இல் வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அதையொட்டி, சிலாங்கூரில் இழப்பைக் குறைக்கும் பெரும் பணி தொடங்கியது. ஆயினும் 2022-இல், நாடு முழுதும் சுத்திகரித்த தண்ணீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு கணக்கில் வரவில்லை. கெடாவில் ஏறக்குறைய பாதி. ஒழுகலோடு பழுதான மீட்டரும் திருட்டும் இதில் அடங்கும்.

இதில் நமக்கென்ன? வழியில் தண்ணீர் ஒழுகினால் அழுத்தம் விழும். அதை முதலில் உணர்வது குழாயின் கடைக்கோடியில் இருப்பவர்கள். பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில் மேட்டிலும் கோடியிலும் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. தோட்டம் தரும் குடியிருப்பில் போதிய குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். குழாய் இருந்தும் தண்ணீர் ஏறாவிட்டால், அந்த உரிமை பாதிதான்.

மீட்டர் உள்ள வீட்டில் இன்றிரவே டீக்கனின் சோதனையைச் செய்யலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால், மீட்டருக்கு இப்பால் எங்கோ ஒழுகுகிறது.