திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள்

பட்டாளத்திற்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி ஓர் ஊரை எட்டினால், அவ்வூர் இளைஞர்கள் முதலில் கணக்கிடுவது தங்கள் வயதைத்தான். நெய்வேலிச் சுரங்க நகரை அடுத்த முத்தாண்டிக்குப்பமாயினும், வடநாட்டுச் சிற்றூராயினும் இதில் வேறுபாடில்லை. 2022 ஜூன் 14ஆம் நாள் இந்திய அரசு ‘அக்னிபத்’ திட்டத்தை அறிவித்தபோது, பதினேழரை வயது முதல் 21 வயது வரை என எல்லை வகுத்தது. எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டதும், முந்திய இரண்டாண்டுகளில் ஆள் எடுப்பு நடைபெறாமையைக் கருதி, அவ்வாண்டுக்கு மட்டும் மேல் எல்லையை 23 ஆக்கியது. அன்று எழுந்த வாதமெல்லாம் மேல் எல்லையைப் பற்றியது. நாம் இங்கே ஆராய விழைவது கீழ் எல்லையை. போருக்குப் போகத் துடிக்கும் சிறுவனை ஏன் தடுக்க வேண்டும்?

இவ்வினாவுக்கு இஸ்லாமிய வரலாற்றில் தெளிவான விடை உண்டு. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹதுப் போருக்குப் படை புறப்பட்டது. அணியைப் பார்வையிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வயது நிரம்பாத சிறுவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுள் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினான்கு. ஸைத் இப்னு ஸாபித் (ரலி), உஸாமா இப்னு ஸைத் (ரலி) ஆகியோரும் அவ்வாறே திரும்பினர். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அம்பெய்வதில் வல்லவர் என்று எடுத்துரைக்கப்பட்டதால் அவருக்கு அனுமதி கிடைத்தது. உடனே ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), “மல்யுத்தத்தில் ராஃபிஉவை நான் வீழ்த்துவேனே” என்று முறையிட்டார். அவ்வாறே வீழ்த்தியும் காட்டி அனுமதி பெற்றார். பின்னர் அகழ்ப் போரின்போது இப்னு உமருக்குப் பதினைந்து வயது. இம்முறை அவரும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இச்சிறுவர்களிடம் வீரத்திற்குக் குறைவில்லை. பத்ருப் போரில் இளையவரென மறுக்கப்பட்ட உமைர் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அழுதே அனுமதி பெற்றார், அக்களத்திலேயே ஷஹீதானார். ஆகவே, சிறுவனுக்கு விருப்பம் உண்டா என்பது ஒருபோதும் கேள்வியாக இருந்ததில்லை. அவ்விருப்பத்தை ஏற்கும் பெரியவர்களின் பொறுப்பு எதுவரை என்பதே கேள்வி.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பின்னாளில் என்னவானார்கள் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. யமாமாப் போருக்குப் பின் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டும் அரும்பணி ஸைத் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்னு உமர் (ரலி) இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்தார். உஸாமா (ரலி) இருபது வயதையொட்டிய பருவத்திலேயே படைத் தலைமை ஏற்றார்.

இப்னு உமரின் இவ்வரலாற்றை அவருடைய மாணவர் நாஃபிஉ, கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸிடம் எடுத்துரைத்தார். கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட அக்கலீஃபா, சிறுவனுக்கும் வளர்ந்தவனுக்கும் இடையிலுள்ள எல்லை இதுவே எனக் கூறி, பதினைந்து வயது நிரம்பியவர்க்கே படைவீரர்க்குரிய ஊதியம் வழங்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார். பருவமடைந்த அடையாளம் தோன்றாதவனுக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வகுத்த வயதும் பதினைந்தே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆண்மகனுக்குப் பதினெட்டு என்றார். இவ்விரு எண்களும் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் உலகச் சட்டத்தில் மீண்டும் தோன்றுகின்றன.

இடைப்பட்ட காலத்தில் உலகம் இவ்வெல்லையைப் பேணியதா? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேரப் பதினெட்டு வயதும், கடல் கடந்து போரிடப் பத்தொன்பது வயதும் வேண்டும் என்பது விதி. ஆயினும் சிட்னி லூயிஸ் என்னும் சிறுவன் 1915இல் பன்னிரண்டு வயதில் சேர்த்துக்கொள்ளப்பட்டான்; அடுத்த ஆண்டு சோம் போர்க்களத்தில் நின்றான். அவனை மீட்டது படையின் விதியன்று. அவனுடைய தாய் அனுப்பிய பிறப்புச் சான்றிதழே.

பதினைந்துக்குட்பட்டோரைப் படையில் சேர்த்தலாகாது என 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளின் இணைப்பும், 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் விதித்தன. 2000ஆம் ஆண்டில் அதன் விருப்ப நெறிமுறை நேரடிப் போருக்குரிய வயதைப் பதினெட்டாக்கியது. பதினெட்டுக்கு முன் தாமாக முன்வந்து சேர்வோர்க்குப் பெற்றோரின் சம்மதமும் நம்பத்தக்க வயதுச் சான்றும் வேண்டும் என்றது. 2005 நவம்பரில் இந்தியா இதனை ஏற்றது. படையில் சேரக் குறைந்த வயது 16. பயிற்சி முடித்தாலும் பதினெட்டு நிரம்பிய பின்னரே போர்முனைக்கு அனுப்பப்படுவர் என்று அப்போது அறிவித்தது. 1999இல் கார்கிலின் டைகர் மலையில் போரிட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்ற யோகேந்திர சிங் யாதவ், பதினாறு நிரம்பிச் சேர்ந்தவர். போரிட்டபோது வயது பத்தொன்பது.

அரசுசாராப் படைகளுக்கு அந்நெறிமுறை இன்னும் கண்டிப்பானது. பதினெட்டுக்குட்பட்டோரை அவை சேர்க்கவே கூடாது. இதன் தேவையைத் தமிழர் நாம் வெகு அருகில் கண்டோம். பதினேழுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என 1998இல் ஐ.நா. தூதரிடம் விடுதலைப் புலிகள் வாக்களித்தனர். ஆனால் 2003 முதல் 2008 வரை அவர்கள் சேர்த்த சிறாராக யுனிசெஃப் பதிவுசெய்தோர் ஆறாயிரத்திற்கும் மேல். கருணா அணியினரும் சிறாரைச் சேர்த்தனர். அப்பிள்ளைகளின் தாயர் பேசியதும் நம் மொழியே.

எல்லை வகுப்பது ஒன்று. அதனைக் காப்பது மற்றொன்று. காப்பதற்கு உண்மையான வயது தெரிந்தாக வேண்டும். முன்னாளில் நம் ஊர்ப் பள்ளிகளில், தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அதுவே ஆயுள் முழுதும் பிறந்த நாளாகிவிடும். 1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்த பின்னும், பள்ளிக்காக ஓராண்டைக் கூட்டியும் வேலைக்காக ஓராண்டைக் குறைத்தும் சொல்லும் பழக்கம் பல குடும்பங்களை விட்டு முற்றிலும் அகலவில்லை. கூட்டி எழுதப்பட்ட ஓராண்டு, பிள்ளைக்குச் சட்டம் அளித்த ஓராண்டுப் பாதுகாப்பைப் பறித்துவிடும்.

பதினான்கு வயதில் திருப்பி அனுப்பப்பட்டதை இப்னு உமர் (ரலி) மறைக்கவில்லை. தம் வயதோடு சேர்த்து அவரே அறிவித்தார். அவ்வொரு வாக்குமூலமே பின்னர் வந்த சிறுவர்களுக்கு அரணாயிற்று. நம் பிள்ளைகளின் வயதை நாமும் உள்ளபடியே எழுதுவோமாக.