ராஞ்சியில் ஒரு பாதிரியார் ஆரம்பித்த வங்கி

ராஞ்சி மெயின் ரோட்டுக்குக் கடைகண்ணிக்குப் போகும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு ஜி.இ.எல். சர்ச் காம்ப்ளெக்ஸ் நல்ல பழக்கம். அந்த ஜி.இ.எல். என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். கோஸ்னர் எவாஞ்செலிக்கல் லூத்தரன். 1845-ல் ஜெர்மனியிலிருந்து நாலு மிஷனரிகள் இங்கே வந்தார்கள். சில வருடங்கள் ஒருத்தரும் சேரவில்லை. 1850-ல்தான் முதல் நாலு உராவ்ன் ஆட்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள்.

"ஏதோ கொடுத்து மாத்திட்டாங்க சார்" என்று ஆபீஸில் அடிக்கடி காதில் விழும். நான் பிள்ளையார் கோயில் ஆசாமி, எனக்கு இதில் கட்சி கிடையாது. ஆனால் இங்கே நடந்ததன் மையம் நிலம்தான். காட்டைத் திருத்தியவன் வம்சத்துக்கே நிலம் என்பது முண்டாக்களின் 'கூண்ட்கட்டி' முறை. வெளியிலிருந்து வந்த ஜமீன்தாரும் வட்டிக்காரரும் அதைக் காகிதம் காட்டிப் பிடுங்கினார்கள். கோர்ட் பாஷை இவர்களுக்குப் புரியாது. 1885-ல் வந்த பெல்ஜியம் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் நில வழக்குகளில் இவர்களுக்குத் துணை நின்றார். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சர்ச்சுக்கு வந்தார்கள்.

அதற்காக எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். பிர்சா முண்டா சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். நிலப் போராட்டத்தில் மிஷன் தங்கள் பக்கம் நிற்கவில்லை என்ற கோபத்தில் விலகினார். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அவருடைய ஆட்கள் விட்ட அம்புகள் மிஷன்கள் மீதும் பாய்ந்தன. 1900 ஜூனில் ராஞ்சி ஜெயிலில் பிர்சா இறந்தார்.

அந்த அம்புக்குத் தப்பியவர்களில் ஒருவர் ஜான் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் ஜேசு சபைப் பாதிரியார். என் தொழிலுக்கு நெருங்கிய சொந்தம் இவர்தான். 1908-ல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில் இவருடைய பங்கு பெரிது. சட்டம் மட்டும் போதாது, வட்டிக்காரனிடம் போகாமல் இருக்கக் கையில் காசு வேண்டுமே! அடுத்த வருடமே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பித்தார். மாதிரி, ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்கள். சென்னை மாகாணத்தில் நிக்கல்சன் துரை அறிக்கை எழுதிப் பரிந்துரைத்ததும் இதே ரைஃபைசனைத்தான். நம்ம திரூர் சங்கம் 1904. ஆக, நம்ம ஊர் சொசைட்டியும் இதுவும் பங்காளிகள்!

முதல் உலகப்போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்று 1915-ல் ஹாஃப்மனை நாடு கடத்தினார்கள். ஊரில் உட்கார்ந்து முண்டாரி கலைக்களஞ்சியத்துக்கு எழுதிக்கொண்டிருந்து, 1928-ல் காலமானார். லூத்தரன் மிஷனின் ஜெர்மானியர்களும் அப்போதுதான் போக வேண்டி வந்தது. 1919-ல் ஆதிவாசிகளே அந்தச் சர்ச்சைத் தன்னாட்சியாக நடத்தத் தொடங்கினார்கள்.

அந்த 1908 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆதிவாசி நிலத்தை அதே தானா எல்லைக்குள் இருக்கும் ஆதிவாசிக்குத்தான், அதுவும் டெபுடி கமிஷனர் அனுமதியோடு விற்கலாம். கடன் வாராமல் போனால் ஏலம் விட முடியாதே என்று வங்கிகள் வீட்டுக் கடனுக்குத் தயங்குகின்றன. நல்ல சம்பளக்கார ஆதிவாசிக்கும் இதே கதி. கடன் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எரிச்சல்தான். அந்தப் பக்கமிருந்து பார்த்தால், இந்தப் பூட்டு இல்லையென்றால் நிலம் எப்போதோ போயிருக்கும்.

மதம் மாறியவர்களைப் பழங்குடிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு கோரிக்கை ரொம்ப நாளாக ஓடுகிறது. சர்னா வழிபாட்டுக்காரர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அதில் உரசல் உண்டு. ஆனால் 2016-ல் சட்டசபை இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது சர்னா அமைப்புகளும் எதிர்த்தன, சர்ச்சுகளும் எதிர்த்தன. 2017-ல் கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, அரசாங்கம் வாபஸ் வாங்கியது.

இந்தக் கதையில் ஜெய்பால் சிங் முண்டாவும் வரவேண்டும். 1928 ஒலிம்பிக் ஹாக்கிக் கேப்டன், கிறிஸ்தவ முண்டா, அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரல். அவருக்குத் தனியாகவே எழுத வேண்டும், அடுத்த முறை.