மூணு ரூபாயோட கிளம்பின பையன்

திருவண்ணாமலைக் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம்னு ஒரு சின்ன சன்னதி இருக்கு. 1896 செப்டம்பரில், 16 வயசுப் பையன் ஒருத்தன் அங்கே வந்து உட்கார்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி. ஆனா இன்னைக்குப் பேசப்போறது மகரிஷியைப் பற்றி இல்ல, வேங்கடராமன்ங்கிற ஸ்கூல் பையனைப் பற்றி.

1892ல் அப்பா இறந்துட்டார். பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிச்சான். 1896 ஜூலையில் ஒருநாள் மாடியில் தனியா இருந்தப்போ, உடம்புக்கு எதுவுமே இல்லாம, 'சாகப்போறேன்'னு திடீர் பயம். அதை அவன் அடக்கல. படுத்தான், கைகாலை விறைப்பா நீட்டினான், சாகிறது யாருன்னு உள்ளே பார்த்தான். அந்தப் பயம் அதோட போயிடுச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்கார்.

ஆனா படிப்பில் மனசு ஒட்டல. ஆகஸ்ட் 29, தண்டனையா இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூணு தடவை எழுதணும். பாதியில் நிறுத்திட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துட்டான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பெல்லாம் எதுக்குன்னு அண்ணன் கடிஞ்சார். ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு, அண்ணனோட காலேஜ் பீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்து, லெட்டர் வச்சுட்டுக் கிளம்பிட்டான்.

மனசுக்குள்ள வர்ற கஷ்டத்தை ஒரு ஸ்டூடன்ட் என்ன பண்றான்? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் ரொம்பப் பின்னாடிதான் அளந்து பார்த்தாங்க. 1989 அக்டோபர் 17, கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். அதுக்கு 14 நாள் முன்னாடிதான் ஸ்டான்போர்டில் சூசன் நோலன்-ஹோக்ஸிமா 137 மாணவர்களோட மனநிலையைப் பதிவு பண்ணியிருந்தார். பக் வர்றதுக்கு முன்னாடியே லாக் கையில இருந்த மாதிரி! சோகத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுற பழக்கம் இருந்தவங்ககிட்ட, 7 வாரம் கழிச்சும் மனச்சோர்வு அதிகமா இருந்துச்சு.

2003ல் ஜேம்ஸ் கிராஸும் ஆலிவர் ஜானும் இன்னொரு பக்கத்தைக் காட்டினாங்க. உணர்ச்சியை வெளிய காட்டாம அடக்குறவங்ககிட்ட மனச்சோர்வு அறிகுறி அதிகம். நடந்ததை வேற கோணத்தில் பார்க்கிறவங்ககிட்ட குறைவு. ஒண்ணு, இது தொடர்புதான். எது எதைக் கொண்டுவருதுன்னு இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

இப்போ நம்ம வீட்டு அட்வைஸை யோசிங்க. 'அழாதே' – அது அடக்குறது. 'என்ன தப்பு பண்ணேன்னு உட்கார்ந்து யோசி' – அது அசைபோடுறது. எனக்கு முதல் அரியர் விழுந்தப்போ ரெண்டையும் ஒழுங்கா பண்ணேன். ஒரு செமஸ்டர் போச்சு. ரூம்மேட்கிட்ட வாயைத் திறந்த அன்னைக்குத்தான் அது அரியராத் தெரிஞ்சது; அதுவரைக்கும் வாழ்க்கையே முடிஞ்ச மாதிரி இருந்துச்சு.

வேங்கடராமனுக்கு டிப்ரஷன்னு நான் சொல்லல. அவர் போன வழி எல்லாருக்குமான மருந்தும் இல்ல. ஆனா அந்த வீட்டுக்குக் கண்ணில் பட்டது படிப்பு கெட்டதுதான். அம்மா தேடிக் கண்டுபிடிச்சு வந்து அழுதது 1898ல். உங்க வீட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ நோட்டை மூடிட்டு உட்கார்ந்திருந்தா, நோட்டைப் பற்றி அப்புறம் கேளுங்க.

உங்களுக்கே முடியலைன்னா 14416, டெலி மானஸ். காசு கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம், தமிழ்லயே.