விரல்கள் கேட்ட இதயம்

இரத்த ஓட்டப் பாடத்தில் நாம் முதலில் சொல்லும் பெயர், 1628இல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி. இதயம், நுரையீரல், மீண்டும் இதயம், பிறகு உடல் என்று மாணவிகள் படம் வரைகிறார்கள். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியோடு உழைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெலன் டௌசிக். ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அன்று பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பட்டம் பெற்றார். செவித்திறன் குன்றியபின் குழந்தைகளின் மார்பில் விரல் வைத்து இதயத்துடிப்பை அறியப் பழகினார். உடல் நீலம் பாரித்த குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழி வேண்டும் என்றார். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து, 1944இல் அறுவைச் சிகிச்சை செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். ஆய்வுக்கூடத்தில் அம்முறையை உருவாக்கிய கறுப்பினத்தவர் விவியன் தாமஸின் பெயர் நெடுங்காலம் விடுபட்டது.

டௌசிக்கிடம் பயின்றவர், இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போரினால் 1942இல் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணும் செய்முறையின்போது இவர்களைப் பற்றியும் சொல்வோம். அதற்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. ஆனால் இந்தப் பாடத்தில் தனக்கும் இடமுண்டு என்று ஒரு மாணவிக்குத் தோன்றலாம்.