வயிற்று அறுவைச் சிகிச்சையில் சிரைவழிக் கதீட்டர் தேர்வு

சிரைவழிக் கதீட்டர் என்பது நீர்மம், மருந்து, குருதி, ஊட்டக் கரைசல் ஆகியவற்றைச் சிரைக்குள் செலுத்தப் பயன்படும் மென்குழாய் ஆகும். கையின் சிரையில் செருகப்படும் குட்டையான குழாய் புறச்சிரைக் கதீட்டர் எனப்படும். இந்திய மருத்துவமனைகளில் இது 'வென்ஃபிளான்' என்ற வணிகப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. கழுத்து, காறையெலும்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு ஆகியவற்றில் ஒன்றின் வழியே நுழைந்து, பெருஞ்சிரையில் நுனி அமையும் நீண்ட குழாய் மையச்சிரைக் கதீட்டர் ஆகும்.

பாய்வு வீதம்

மையச்சிரைக் கதீட்டர் வழியாகவே நீர்மத்தை மிக விரைவாக ஏற்றமுடியும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பெரும்பாலும் இது சரியன்று. புவாசேயின் விதிப்படி, குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆரம் இருமடங்கானால் பாய்வு 16 மடங்காகும். வழக்கமான மையக் கதீட்டர் 15 முதல் 20 செ.மீ. நீளமுடையது, அதனுள் இரண்டு அல்லது மூன்று குறுகிய வழிகள் உள்ளன. செம்மஞ்சள் நிற 14 கேஜ் புறக் கதீட்டரோ ஏறத்தாழ 5 செ.மீ. நீளமும் 2 மி.மீ. வெளிவிட்டமும் கொண்டது (கேஜ் எண் கூடக் கூடக் குழாய் மெலியும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22). எனவே மண்ணீரல் சிதைந்து குருதி பெருகும் நோயாளிக்கு முதலில் தேவைப்படுபவை கைகளில் இரண்டு தடித்த புறக் கதீட்டர்களே. இதற்கு விதிவிலக்காக, விரைவாகக் குருதி ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட தடித்த மையக் குழாய்களும் உண்டு.

மையச்சிரை தேவைப்படும் நிலைகள்

மேற்பெருஞ்சிரையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் குருதி ஓடுவதால் செறிவான கரைசலும் அங்கே உடனே நீர்த்துவிடும். கையின் சிறு சிரையில் அதே கரைசல் சுவரைப் புண்ணாக்கும். லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலுக்கு மேற்பட்ட ஊட்டக் கரைசலைப் புறச்சிரையில் ஏற்றுவதில்லை. குடல் நெடுநாள் இயங்காதபோது மையச்சிரை இன்றியமையாததாவது இதனாலேயே. 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இசுட்டான்லி டட்ரிக்கும் அவரது குழுவினரும், வாய்வழி உணவின்றி மையச்சிரை ஊட்டத்தால் மட்டுமே நாய்க்குட்டிகள் வளர்வதைக் காட்டினர்.

நச்சுக்குருதியில் குருதியழுத்தத்தை உயர்த்தத் தரப்படும் நார்அட்ரினலின் சிரைக்கு வெளியே கசிந்தால் தசையும் தோலும் அழுகக்கூடும். குறைந்த அளவில் சிறிது நேரம் புறச்சிரை வழியே தரலாம். நீடித்தால் மையச்சிரையே பாதுகாப்பானது.

தீங்குகள்

மையக் கதீட்டரால் குருதித்தொற்று, சிரை உறைகட்டி, தமனிக் காயம், நுரையீரல் உறையில் காற்று சேர்தல் ஆகியன நேரலாம். 2015இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வின்படி, காறையெலும்பின் அடியில் செருகும்போது தொற்றும் உறைகட்டியும் குறைவு. ஆனால் காற்று சேரும் இடர் மிகுதி. 2006இல் வெளியான மிச்சிகன் மாநில ஆய்வில் கைகழுவுதல், குளோரெக்சிடின் பூசுதல் போன்ற ஐந்து எளிய நடைமுறைகளாலேயே தொற்று வெகுவாகக் குறைந்தது.

நடைமுறை

குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம் போன்ற அறுவைகளுக்குப் பொதுவாக ஒரு புறக் கதீட்டர் போதுமானது. நீர்மத் தேவையை அறிய மையச்சிரை அழுத்தத்தை அளப்பது முன்பு வழக்கம். அவ்வளவீடு இதற்கு நம்பத்தக்கதன்று எனப் பின்னர் தெரியவந்தது. புறச்சிரை கிடைக்காதபோது மீயொலிக் கருவியின் துணையுடன் முன்கையிலேயே தேடலாம். மையக் கதீட்டர் செருகப்பட்டிருந்தால் அது இன்னும் தேவையா என்று நாள்தோறும் பார்த்து, தேவையற்றதும் அகற்றிவிடுவர்.